இரண்டு பெயரும் உள்ள பழைய வரி எண்ணையே உறுதிசெய்து தர வேண்டி

அனுப்புநர்:
அப்பா–மகள் சீட் கவர் கடையின் பங்குதாரர் (அப்பா),
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம்.

பெறுநர்:
வரிப் பதிவு அலுவலர் அவர்கள்,
வரி அலுவலகம்.

பொருள்: எங்கள் கடையின் வரி எண்ணை மாற்றாமல், இருவர் பெயரிலும் உறுதிக் கடிதம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் எங்கள் கடைக்குக் கொடுத்த வரி எண் உறுதிக் கடிதத்தைக் கெடுத்தது எலியோ மழையோ அல்ல, நான்தான். வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பது என் தொழில். எதைக் கண்டாலும் அழுக்குப் படாமல் மூடிவைக்கத் தோன்றும். கடிதத்தையும் லேமினேஷன் செய்யக் கொடுத்தேன். அது பில் அடிக்கும் வழவழப்புக் காகிதம், சூடு பட்டால் கறுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. இப்போது அது கிழியாது, நனையாது, ஓர் எழுத்தும் தெரியாது. இத்துடன் இணைத்துள்ளேன்.

2. எண் தொலையவில்லை. பெயர்ப்பலகையிலும் பில்லிலும் இருக்கிறது. ஆனால் எங்களுக்குப் பேருந்து இருக்கை வேலை தரவிருக்கும் மேலாளர், "பலகையில யார் வேணா எழுதலாம், ஆபீஸ் கடிதம் கொண்டாங்க" என்கிறார். நியாயம்தான்.

3. தங்கள் கவுண்டரில் இருந்த அம்மையார் பொறுமையாகவே பேசினார். பங்குதாரர் இருவரும் நேரில் வந்து கையெழுத்திட்டால் நகல் கிடைக்கும் என்றார். மற்றவர் என் மகள். துணி வெட்டுவது அவள், தைப்பது நான். கடையைப் பதிவு செய்ததும் அவளே. படிவத்தின் முதல் பக்கத்திலேயே என் படிப்புக்கு மூச்சு வாங்கிவிடும். இப்போது அவள் நோய்வாய்ப்பட்டு, கடைக்கு மேலே மாடி அறையில் படுத்திருக்கிறாள். படி இறங்க முடியாது. இதைச் சொன்னதும், மகள் பெயரை நீக்கிவிட்டு என் பெயரில் மட்டும் விண்ணப்பித்தால் அன்றைக்கே புது எண் தருவதாக அம்மையார் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். படிவத்தை வாங்கி வந்தேன். மடித்தது மடித்தபடி இருக்கிறது.

4. கறுத்த கடிதத்தை மகளிடம் காட்டியபோது, "சீட்டுக்குப் போடற மாதிரி இதுக்கும் உறை போட்டுட்டீங்களாப்பா" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்ததால், இன்னும் நாலு காகிதத்தைக் கெடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு, "புதுசு வந்ததும் எங்கிட்ட காட்டுங்க. ரெண்டு பேர் பேரும் சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றாள். அதிலிருந்து நான் மாடி ஏறினால் அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறாள்.

5. ஆகவே, அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி அவள் கையெழுத்தைப் பெற்று, பழைய எண்ணையே இருவர் பெயரிலும் உறுதிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கை நடுங்கினாலும் தன் பெயரைத் தெளிவாக எழுதுவாள். அலுவலரை அழைத்துவர வண்டி நான் கொண்டுவருகிறேன். இருக்கை சுத்தமாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. புதுக் கடிதத்தை லேமினேஷன் கடைப் பக்கமே கொண்டுபோக மாட்டேன் என்றும் இதன் மூலம் எழுதித் தருகிறேன்.

6. நான் கிளம்பும்போது அம்மையார், "அவங்க குணமாகி வந்ததும் பேரை மறுபடி சேத்துக்கலாங்க" என்றார். பின்னால் வரிசை நின்றது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. மறுபடி சேர்ப்பதற்கு அவளுக்கு நாள் இல்லை, ஐயா.

இடம்: கடை
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
பங்குதாரர் இருவரில் ஒருவர்