படகில் இருக்க வேண்டிய ரேடியோ

அனுமந்தை,
வெள்ளிக்கிழமை காலை, நவம்பர் 2005

அன்பு மகள் ஆரோக்கியசெல்விக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் நலம் என்று எப்போதும்போல் எழுத இன்றைக்குக் கை வரவில்லை. புதன்கிழமை விடியுமுன் கடலுக்குப் போன உன் தம்பி மார்ட்டின் இன்னும் கரைக்கு வரவில்லை, கூடப் போன ராஜாங்கமும் வரவில்லை. போன் லைன் மழையில் அறுந்து கிடக்கிறது, அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வரப் பத்து நாளாகும், அதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இப்போது எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

செல்வி, தப்பு என்னுடையது. அப்பா அம்மா கல்யாண நாளுக்குப் பாட்டுப் போடச் சொல்லி ரேடியோ ஸ்டேஷனுக்குக் கார்டு போட்டிருக்கிறேன், புதன்கிழமை நேயர் விருப்பத்தில் என் பேர் வரும், கேளுங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா. நம் வீட்டு செட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பேச்சு நின்று ஒரு மாதமாகிறது. அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படகுப் பெட்டியிலிருந்த மார்ட்டினின் ரேடியோவை எடுத்து வந்துவிட்டேன். அவனிடம் சொல்ல நினைத்து அடுப்பு வேலையில் மறந்துபோனேன். அவனும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான், எப்போதும் அதில்தானே இருக்கும்.

மத்தியானம் அவன் சொல்லிக்கொடுத்தபடி செட்டின் முகத்தைச் சென்னைப் பக்கம் திருப்பி வைத்தேன். உள்ள ஒரு கறுப்புத் தண்டு படுத்திருக்குதும்மா, அதோட முனை ஸ்டேஷனைப் பாத்தா ஒண்ணும் கேக்காது, குறுக்க இருந்தாத்தான் அலையைப் பிடிக்கும் என்பான். பாட்டுக்கு நடுவே கரகரவென்று ஒரே இரைச்சல். அப்படி வந்தால் எங்கேயோ மின்னுகிறது என்று அர்த்தம், அதையும் அவன்தான் சொல்லியிருக்கிறான். நான் அதைக் கவனிக்காமல் உன் பேர் வருகிறதா என்றே காதை ஒட்டிவைத்திருந்தேன். திடீரென்று பாட்டை நிறுத்தி, புயல் வருகிறது, கடலில் இருக்கும் மீனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும் என்று வாசித்தார்கள். மூன்று தடவை வாசித்தார்கள் செல்வி, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு. உப்புத்தண்ணி மேல அலை நல்லா ஓடும், கரையைவிடக் கடல்லதான் தெளிவா கேக்குது என்று மார்ட்டின் பெருமையாகச் சொல்வானே, அதை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது. பைத்தியக்காரிபோல் செட்டைத் தூக்கிப் பிடித்து, மார்ட்டினு, வந்துடுடா என்று கத்தினேன். அது கேக்கிற மிஷினு, நாம பேசினா எடுத்துக்கினு போகாது என்று உன் அப்பாதான் கையைப் பிடித்து இறக்கினார். அப்புறம் கோயிலுக்கு ஓடினோம். ஃபாதர் ரேடியோவையே மைக்குக்கு முன்னால் வைத்து மணிக்கூண்டு ஸ்பீக்கரில் அலறவிட்டார். வாடைக்காற்று கடலிலிருந்து அடித்ததால் சத்தமெல்லாம் மேற்கே உப்பளத்துக்குப் போனது. உப்புக் குவியலுக்குக் கீற்றுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள், கடலில் இருந்தவன் காதில் விழவில்லை.

மற்ற படகெல்லாம் இருட்டுமுன் வந்துவிட்டன. ரேடியோவுல கேட்டுத்தான் திரும்பினோம் என்று ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ராஜாங்கத்தின் மனைவி ஞானாம்பாளிடம் இன்னும் நான் சொல்லவில்லை. அவள் என் தோளில்தான் சாய்ந்து அழுகிறாள்.

நீ கார்டு போட்டதை நினைத்து அழாதே, ஆசையாகச் செய்தாய். வேளைக்குச் சாப்பிடு, தம்பிக்காக ஜெபமாலை சொல்ல மறக்காதே. போன் கிடைத்தால் அப்பாவிடம் பேசிவிட்டு என்னையும் கூப்பிடச் சொல்.

வேறு ஊர்களில் கரை சேர்ந்தவர்கள் பேரைச் செய்தியில் வாசிக்கிறார்கள். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது, அப்பா அதைக் கையில் தேய்த்துத் தேய்த்துப் போடுகிறார். புதன்கிழமை உட்கார்ந்த அதே இடத்தில், அதேபோல் காதை ஒட்டிவைத்துக்கொண்டு ஒரு பேருக்காகக் காத்திருக்கிறேன். அன்றைக்கு உன் பேர் வந்ததா என்று எனக்குத் தெரியாது மகளே.

மாதா உன்னையாவது என் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

உன் அம்மா,
சவரியம்மாள்