அஸர் நேரத்துப் படம்

தோஹா, கட்டார்
7.11.1981

அன்பு மனைவி ஸகியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மகள் கமீலாவும் மாமியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். உறையின் தடிப்பைப் பார்த்தே உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பாய். பொறு, படங்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் கதையைக் கேள்.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு முத்தலிப் என்னைக் கார் ஓட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனான். என் அறையில் அடுத்த கட்டில்காரன், நிந்தவூரான். எதைச் சமைத்தாலும் அதில் கருவாட்டைப் போடுகிறவன். ஊருக்கு வெளியே வெறும் மணல் தரையில் சுற்றுப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். நம் பள்ளியடியிலிருந்து ஒலுவில் போய்த் திரும்பி வருகிற தூரம் இருக்கும். அதை ஏழு தரம் சுற்ற வேண்டும். ஒரு வளைவில் மண்ணை அணைபோல உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சனம் அதன்மேல் வரிசையாக நின்று பார்க்கிறது. முத்தலிப் என்னையும் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டான்.

முதலில் தூசி தெரியும். பிறகு சத்தம். அதற்குப் பிறகுதான் கார். வளைவுக்குள் வரும்போது முகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகிறது, நண்டு மாதிரி. கல்முனை றோட்டில் நான் ஒருநாள் இப்படி வளைத்திருந்தால் உன் வாப்பா எனக்குப் பெண் தந்திருக்கமாட்டார்.

முத்தலிப் புதிதாகக் கமரா வாங்கியிருக்கிறான். அதை என் கையில் தந்து, “சூரியன முதுகுக்குப் பின்னால வெச்சிட்டு அமத்துங்க காக்கா, வேற ஒண்டும் தேவல்ல” என்றான். பன்னிரண்டு படம் எடுத்தேன், ஸ்டூடியோவில் இன்றைக்கே கழுவித் தந்துவிட்டார்கள். ஏழில் தூசி விழுந்தது, ஐந்தில் கார் விழுந்தது. அந்த ஐந்தும் உனக்கு.

எனக்கு இப்போது லொறி ஓட்டம் இல்லை. ஸ்டோரில் உட்கார்ந்து டயர்களுக்குக் காவல் இருக்கிறேன். சொகுசு வேலைதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன கோபம் உனக்கு இன்னும் ஆறியிருக்காது. இப்போதைக்கும் லீவு கிடைக்கும் போலத் தெரியவில்லை. மனதை விட்டுவிடாதே.

இன்னொன்று. என் மொரிஸ் மைனரை விற்றுவிடும்படி உன் கூடப்பிறந்த காக்கா காலிதீன் மச்சானிடம் சொல். சும்மா நிற்கிற கார் துருப்பிடித்துத்தான் போகும்.

உன் அன்புக் கணவன்
ஜவுபர்


பாலமுனை
26.11.1981

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் மழையோடு வந்தது. தபால்காரர் தான் நனைந்தாலும் உறையை நனையவிடாமல் குடைக்குள் பிடித்துக்கொண்டு வந்தார். அல்லாஹ்வின் காவலில் நாங்கள் எல்லோரும் சுகம். நாவிதன்வெளியில் காலிதீன் காக்கா விதைத்தது முளைத்துவிட்டது. வெள்ளம் வந்துவிடுமோ என்று அவர் வயலிலேயே கிடக்கிறார்.

படங்களைப் பார்த்தேன். இரண்டில் காரின் முன்பக்கம், மூன்றில் பின்பக்கம். மூன்று வருடமாகக் காணாத மனைவிக்குக் காரின் பின்பக்கத்தை அனுப்புகிற மாப்பிள்ளை எனக்குத்தான் வாய்த்திருக்கிறார். பெருமையாக ஸ்கூலுக்கும் கொண்டு போனேன். என்னோடு படிப்பிக்கிற நபீஸா ரீச்சர் ஐந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள உங்கட ஆள் எங்க?” என்று கேட்டா.

கமீலா ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் விரலை வைத்து, “இதுக்குள்ளயா வாப்பா இரிக்காரு?” என்று கேட்டாள்.

“இல்ல மகள். வாப்பா வெளிய நிண்டு படம் புடிக்காரு.”

“அப்ப வாப்பா எப்ப படத்துக்குள்ள வருவாரு?”

நீங்கள் போகும்போது தவழ்ந்த பிள்ளை மச்சான். உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது. சொன்னால் உங்களுக்கு நோகும் என்று தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

அந்தக் காரின் பொனட்டில் ஒருநாள் நான் மிளகாய் காயப்போட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்தவர் நீங்கள். வாடகைக்கு ஹயர் ஓடிவிட்டு வந்தால் முகம் கழுவுமுன் காரைக் கழுவுவீர்கள். அதை விற்கச் சொன்னால் நான் என்ன நினைப்பது? காக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் காரணத்தை எழுதுங்கள்.

எப்போது வருவீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள். அதுவரைக்கும் உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள். காரோடு வேண்டாம். தனியாக.

உங்கள்
ஸகியா


தோஹா
19.12.1981

அன்பு ஸகியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். மிளகாய்க் கதை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். முத்தலிப்புக்கும் வாசித்துக் காட்டினேன். “மச்சி சொல்றது ஞாயம்தானே காக்கா” என்று அவன் உன் பக்கம் சாய்ந்துவிட்டான்.

நேற்று கடைசிப் போட்டி. தொடங்கவே பிந்திவிட்டது. பின்னேரம் அஸரைத் தொழுதுவிட்டு மண் அணைக்கு வந்தபோதுதான் கார்களை விட்டார்கள். ஏழாம் சுற்றில் பச்சை நிறக் கார் ஒன்றின் பின்சக்கரம் கழன்று எங்களுக்குக் கீழேயே உருண்டு போனது. அது வழியில் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். நிற்கவில்லை. ஒரு பக்கம் மணலைக் கிழித்துக்கொண்டு, மூன்று சக்கரத்தில், மெதுவாக, மிச்சச் சுற்றையும் முடித்துவிட்டுத்தான் நின்றது. முதலாவதாக வந்தவனை யாரும் பார்க்கவில்லை. சனம் முழுக்க இதற்குத்தான் கைதட்டியது. நானும் தட்டினேன். ஏனோ கண் கலங்கிவிட்டது. தூசியாக இருக்கலாம்.

அந்தப் பச்சைக் கார் வளைவுக்கு வரும்போது எடுத்த படம் இதற்குள் இருக்கிறது. முத்தலிப் சொன்னபடி சூரியனை முதுகில் வைத்துத்தான் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே இதுதான் திறம்.

என் படம் கேட்டாய். கமராவைப் பிடிக்கிறவன் படத்தில் எப்படி விழுவான்? வேறொரு நாள் பார்க்கலாம்.

இதைக் கோபப்படாமல் வாசி. இன்னும் இரண்டு வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு வீடு இருக்கிறது, ஸ்கூல் இருக்கிறது, காக்கா இருக்கிறார். நான் வந்துதான் ஆகவேண்டிய காரியம் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. காரை விற்றுவிடு.

ஜவுபர்


பாலமுனை
8.1.1982

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை இருந்து, ஆறுதலாக வாசியுங்கள்.

நீங்கள் ஒரு மோதினாரின் மகளைக் கட்டியவர். அதை மறந்துபோனீர்கள். வாப்பா ஒருநாளும் பள்ளி மணிக்கூட்டை நம்பியதில்லை. பள்ளி முற்றத்தில் ஒரு தடியை நட்டு, மத்தியானம் லுஹர் தொடங்கும்போது நிழலை அளப்பார். பிறகு அந்த அளவுக்கு மேலே தடியின் நீளம் அளவுக்கு நிழல் நீண்டதும் அஸருக்குப் பாங்கு சொல்லப் போவார். கோட்டைக் கீறி அளவு பார்க்கிற வேலை எனக்கு. வாப்பா மௌத்தான பிறகும், வெயிலில் எதைக் கண்டாலும் நான் முதலில் பார்ப்பது நிழலைத்தான்.

அஸருக்குப் பிறகு எடுத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு நேரம் கழித்து என்று பார்க்கத்தான் படத்தைக் கையில் எடுத்தேன். பச்சைக் காருக்கு முன்னால், கீழே பாதையில், மண் அணையில் நின்ற சனத்தின் நிழல் வரிசையாக விழுந்திருக்கிறது. ஒன்பது பேர். நடுவில் ஒருவர் இரண்டு முழங்கையையும் மடித்து முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு நிற்கிறார். கமரா பிடிக்கிறவர் அப்படித்தானே நிற்க வேண்டும். அவருடைய இரண்டு கக்கத்துக்கும் கீழே இரண்டு தடி. நடுவில் ஒரு கால்.

இடது கால் இல்லை. கிளச் மிதிக்கிற கால்.

படத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போனேன். படிப்பித்தேன். திரும்பி வந்து மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். நிழல் அப்படியே இருந்தது. அப்போதுதான் அழுதேன். உங்கள் காலுக்காக அழுதது பாதி. இதை என்னிடம் சொல்ல முடியாத ஆளாக என்னை நினைத்துவிட்டீர்களே, மிச்சம் அதற்கு.

நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறவர். உழைக்காத மாப்பிள்ளை மாமியார் வீட்டில் எந்த முகத்தோடு சோறு தின்பது என்றுதானே? இது மாமியார் வீடு இல்லை மச்சான். வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. காணி உறுதியில் இருப்பது என் பெயர். இங்கே யார் இருக்க வேண்டும் என்று சொல்கிற அதிகாரம் எனக்குத்தான் இருக்கிறது, நீங்கள்தான் என்று நான் சொல்லியாயிற்று.

கையெழுத்துப் போட்டது உண்மையோ பொய்யோ, நான் கேட்கவில்லை. காரை விற்கவும் இல்லை. எப்படி நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் ஸகியா


தோஹா
27.1.1982

ஸகியா,

அஸ்ஸலாமு அலைக்கும். இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமை. லொறியிலிருந்து இரும்புக் குழாய்களை இறக்கும்போது கயிறு விட்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே வைத்தியர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கம்பனி என்னைக் கைவிடவில்லை, ஸ்டோரில் உட்கார்த்தியது. ஊருக்கு எழுதக்கூடாது என்று முத்தலிப்பிடம் சத்தியம் வாங்கியது நான்தான். அவனைக் கோபிக்காதே. கையெழுத்துப் போடவில்லை. அது பொய்.

ஓட்டப் போட்டிக்கு என்னை வற்புறுத்திக் கூட்டிப் போனதும் அவன்தான். போகும்வரைக்கும் நான் கார்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். கமராவைக் கண்ணில் வைத்ததும் கொஞ்சம் ஆறியது. எதையாவது என் கையால் செய்கிறேன் என்று இருந்தது.

நீ வீட்டைப் பற்றி எழுதிய பக்கத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். வர ஆசையில்லாமல் இல்லை. பயம். உன்னை நினைத்துப் பட்ட பயம் தீர்ந்துவிட்டது. இப்போது பயம் பிள்ளையை நினைத்துத்தான். அவளுக்கு என் முகமே தெரியாது. முதன்முதலாகக் காண்கிற வாப்பா இப்படி இரண்டு தடியோடு வந்து நின்றால் அவள் ஓடி ஒளிந்துகொள்வாள். அதை என்னால் தாங்க முடியாது ஸகியா.

ஜவுபர்


பாலமுனை
14.2.1982

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைக்கு உங்களைக் காட்டிவிட்டேன். பச்சைக் கார்ப் படத்தை எடுத்து நடு நிழலில் அவள் விரலை வைத்து, “இதுதான் வாப்பா” என்றேன்.

“வாப்பா படத்துக்குள்ள வந்துட்டாரா?”

“ஓம் மகள்.”

“ஏன் ஒரு கால்?”

“மற்றக் கால்ல இரும்பு விழுந்துட்டு.”

நிழலை விரலால் தடவிப் பார்த்தாள். “நோகுதாமா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, வந்ததும் நீயே கேள் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அந்தப் படத்தைக் காட்டி, “இவருக்குக் கால் நோகுதா எண்டு நான்தான் கேக்கணும்” என்கிறாள். என் உம்மா அழுதுகொண்டு ஏதும் கேட்டால், “நீங்க கேக்கப்படாது” என்று அவவை அதட்டுகிறாள். இதற்கு மேலே பயப்பட உங்களுக்கு என்ன இருக்கிறது?

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்தேன். காக்காவோடு கல்முனைக்குப் போய் கராஜ்கார றஸாக் நானாவைக் கண்டேன். பொம்பிளை வந்து கிளச்சைப் பற்றிக் கேட்பதைக் கண்டு அவர் முதலில் சிரித்தார். பிறகு ஒரு கடதாசியில் கீறிப் பார்த்தார். மிதிக்கிற இடத்திலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து கியருக்குப் பக்கத்தில் கைப்பிடி வைக்கலாமாம். கையால் இழுத்தால் கிளச் விழும். பிறேக்குக்கும் மற்றதற்கும் வலது கால் போதும். மூன்று நாளாகக் கார் அவரிடம்தான் நிற்கிறது. நேற்று ஓட்டிப் பார்த்தாராம். “கொஞ்சம் இழுக்குது, ஆனா போகுது” என்றார். மூன்று சக்கரக் காருக்குக் கைதட்டியவருக்கு இது போதாதா?

வெள்ளாமை முற்றிவிட்டது, அடுத்த கிழமை காக்கா வெட்டத் தொடங்குவார். அதற்குப் பிறகு எந்த நாள் வந்தாலும் அவரும் நானும் கமீலாவும் அந்தக் காரிலேயே கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வருவோம். திகதியை மட்டும் எழுதுங்கள்.

முத்தலிப் தம்பியிடம் கமராவை இரவலாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். முதல் படத்தை நான்தான் எடுப்பேன். நீங்கள் காருக்குப் பக்கத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்கும். என் நிழலும் பிள்ளையின் நிழலும் உங்கள் காலடியில் விழும். விழட்டும்.

காத்திருக்கும்
ஸகியா