நீ பென்சிலில் விட்டுப்போன பெயர்

என் தங்கையைக் கட்டியவனே, பதினான்கு வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் பங்கு டீயையும் சேர்த்துக் குடித்தவனே, மாப்ளே மாணிக்கம்,

நீ போய் வருடம் திரும்பப் போகிறது. மார் வலிக்கிறது என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். அப்போது நாம் பேசிக்கொள்வதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

நம் ஆஸ்பத்திரி ரிக்கார்டு ரூமை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. ஊர்வாரியாகத் துணியில் கட்டி வைத்திருந்த நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகள் எல்லாம் மாடிக்குப் போய்விட்டன. கீழே ஏ.சி. போட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய டாக்டரே வெறுங்காலோடு நிற்கிறார். நாம் டைப் அடித்த பெயர்ச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றுவது என் வேலை. ஏற்றி முடித்தபின் என்னை என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ட்டில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் இந்த பி.ஏ.வை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கதவைத் தட்டுவது?

அந்தச் சீட்டுகளில்தான் வந்தது வினை. சேர்க்கக் கொண்டுவந்த புருஷனின் பெயரைச் சொல்லாத பெண்களிடம் நீ கவுண்டரில் படும் பாடு நினைவிருக்கிறதா?

“ஊட்டுக்காரர் பேரு என்னாம்மா?” என்பாய். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டுவாள்.

“மலைக்கு ரெண்டு பேரு கீதும்மா. அண்ணாமலையா, அருணாசலமா?”

“அதாங்க. அந்தப் பேருதான்.”

“அதான் எந்தப் பேரு?”

“போங்க, நீங்க வேற.”

நான் சிரிப்பேன். நீ பெயர் எழுதும் இடத்தில் பென்சிலால் ‘மலைப் பேர்’ என்று குறித்து வைப்பாய். “விடு மச்சான், டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்தாளையே கேட்டுக்கலாம்” என்பாய். பாதிப் பேரைக் கேட்பாய். பாதிப் பேரை மறந்துவிடுவாய். ஊர்க் கட்டாக இருந்தவரை அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. கட்டைப் பிரித்துப் புரட்டினால் ஆள் கிடைத்துவிடுவான்.

பிறகு கம்ப்யூட்டருக்காக எல்லாவற்றையும் அகர வரிசையில் சீட்டாக அடிக்கச் சொன்னார்கள். அதற்குள் உன்னைச் சீனியர் ஆக்கியிருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த உன்னை. இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத என்னிடம் வந்து நின்ற உன்னை. கீழ்பென்னாத்தூர் கட்டை என் மேஜையில் வைத்து, “மலைப் பேர்னு இருக்குறத தனியா எடுத்து வை மச்சான். ஊருக்கு ஆள் உட்டு விசாரிச்சுட்டு அடிச்சுக்கலாம்” என்றாய். உன் உத்தரவை நான் ஏன் கேட்க வேண்டும்? எல்லாவற்றையும் அண்ணாமலை என்றே அடித்துத் தள்ளினேன். அன்றைக்குத்தான் உன்னோடு பேசுவதையும் நிறுத்தினேன்.

போன மாதம் கீழ்பென்னாத்தூரிலிருந்து காலில் சீழ்க்கட்டியோடு ஒருவரைத் தம்பிக்காரன் கூட்டி வந்தான். பெயர் அருணாசலம் என்றான். முன்னே இங்கே படுத்திருந்ததாகவும் சொன்னான். அந்தப் பெயரில் அந்த ஊருக்குச் சீட்டு இல்லை. புது ஷீட் போட்டுக் கொடுத்தேன். மாடியில் அண்ணாமலை என்ற பெயரில் கிடந்த அவருடைய பழைய ஷீட்டில், பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அதே ஊசியைப் போட்ட ஐந்தாவது நிமிஷம் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். பிழைத்துக்கொண்டார்.

விசாரணை வந்தது. சென்னையிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜர், என் மகன் வயது, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“இந்தச் சீட்டு யார் அடிச்சது ராஜவேலு சார்?”

மேஜையில் கிடந்த சீட்டை என் பக்கம் தள்ளினார்.

“மாணிக்கம்னா மாணிக்கம்னு எழுதிடுங்க. செத்தவருக்கு மெமோ குடுக்க முடியாது, ஃபைலை மூடிடலாம். நீங்கன்னா வீட்டுக்குத்தான் போகணும்.”

என் மூத்த மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. பெண்ணின் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை என்று சொல்லித்தான் பேசி முடித்தார்கள். டைப் எழுத்தைப் பார்த்து அடித்தவன் யார் என்று சொல்ல முடியாது. உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று சரசு வந்தாள். உன் சாவுக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

“அண்ணே, டிரஸ்ட் செக்ரட்டரி வியாழக்கிழமை வரச் சொல்லிக்கீறாரு. ரிஜிஸ்டர் எழுதுற வேலையாம். அவரு பேர்ல ஒரு ரிமார்க்கும் இல்லாததாலதான் எனக்குக் குடுக்குறாங்கனு நர்சம்மா சொன்னாங்க. நீயும் கூட வாண்ணே, எனக்குப் பேச வராது.”

“வரேம்மா” என்றேன். வேறு என்ன சொல்வேன்? உன் ஃபைலில் என் காகிதம் ஏறிவிட்டது அவளுக்குத் தெரியாது. வியாழக்கிழமை செக்ரட்டரி அதைப் பிரிக்கும்போது, பக்கத்தில் அண்ணன் என்று நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பென்சிலில் விட்டது நீ. கேட்காமல் அடித்தது நான். ஆளுக்குப் பாதி என்று எழுதிக் கொடுக்க அந்த ஆபீசில் படிவம் இல்லை. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நான்தான் சீனியர் என்று சொல்லி, தப்பைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொண்டிருப்பாய். அதை நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், மாப்ளே. வியாழக்கிழமை சரசுவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் முதலில் உள்ளே போகிறேன். அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என் பெயரை எழுதிக் கொடுக்கிறேன். அதற்கப்புறம் அவளைக் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
சரசுவின் அண்ணன்,
உன் மச்சான் ராஜவேலு