முள்மரத்தைத் தாண்டிய இருபது அடி

டோனகல், 3 டிசம்பர் 1957

அன்பு மகள் நுவாலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ பாஸ்டனில் சுகமாக இருப்பாய் என்றே நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு மாதமாகப் படுக்கைதான், கோடை வரை தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைப் பசுவுக்குப் பால் வற்றிவிட்டது, உருளைக்கிழங்கும் பாதி அழுகல்.

நம் மலைப் பாதைக்கு ‘திரும்பும் சாலை’ என்று பேர் வந்த கதை உனக்குத் தெரியாததா. கப்பலேறப் போன மகனை விட மனமில்லாமல் ஒரு விதவை முள்மரத்தைத் தாண்டி அவன் பின்னாலேயே போனாளாம், அவன் திரும்பவே இல்லையாம். அதனால்தானே வழியனுப்ப வருகிறவர்கள் இன்றுவரை அந்த மரத்தோடு திரும்பிவிடுகிறோம். நீ கிளம்பிய அன்று நானும் அப்படியே திரும்பியிருப்பேன். நீ கையுறையை என்னிடமே விட்டுவிட்டாய், அந்தக் குளிரில் வெறுங்கையோடு போகிறாயே என்று ஓடிவந்து கொடுத்தேன், மரத்துக்கு அப்பால் இருபது அடி இருக்கும். “ஏய், நில்லுடி, தாண்டாதே” என்று அப்பா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. “போச்சு, பொண்ணு இனிமே வந்த மாதிரிதான்” என்று பக்கத்து வீட்டுக்காரி சேடி அன்றே சொன்னாள். முதல் வருஷம் இரண்டு கடிதம் போட்டாய், அப்புறம் இரண்டு வருஷமாக ஒரு வரி இல்லை. நான் போடுகிற கடிதங்கள் திரும்பி வருவதில்லை, யாரோ வாங்கிக்கொள்கிறார்கள், அந்த யாரோ நீதானா கண்ணே?

இனி மறைத்துப் பயனில்லை. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. “தபால் வந்துச்சா?” என்று அவர் தினம் கேட்பதைத் தாங்க முடியாமல் நானே உன் பேரில் எழுதி வாசிக்க ஆரம்பித்தேன். பெரிய வீடொன்றில் சமைக்கிறாய் என்றும், இன்னும் ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறாய் என்றும். “பாத்தியா, மரத்தைத் தாண்டினா என்ன? எம்பொண்ணு மறக்கலையே” என்று சேடியிடம் பீற்றிக்கொள்கிறார். போன வாரம் அவருக்கு மூச்சு முட்டியபோது பயந்துபோய், புனித பிரிஜித் திருநாளுக்கு நீ வருவதாக வாசித்துவிட்டேன். புத்தி கெட்டவள் நான். அன்றிலிருந்து கஞ்சி குடிக்கிறார். திருநாளன்று முள்மரம்வரை வண்டியில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் என்று சேடியின் புருஷனிடம் வாக்கு வாங்கியிருக்கிறார், மரத்துக்கு இந்தப் பக்கம்தான் உட்காருவாராம்.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை, வந்துவிடு. கடவுளும் மாதாவும் உன்னைக் காக்கட்டும். திருநாள் பிப்ரவரி முதல் தேதி, மறந்துவிடாதே. வர வழியே இல்லையென்றால் உன் கையால் நாலு வரியாவது எழுது, உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டது.

உன் அம்மா,
ரோஷீன்