எதிரணிச் சட்டையில் நீங்கள் வந்த நாள்

அண்ணே,

பத்து காஜா ஊர் மருத்துவமனையில் மருந்துக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் முழங்காலில் தைலம் தேய்த்தார். ஈப்போ கால்பந்து அரங்கம் கண்முன் வந்தது. ஆட்டத்துக்கு முன் நீங்கள் பூசும் தைலத்தின் நெடி வேலியைத் தாண்டி எங்கள் வரிசைக்கு வரும். “அண்ணனுக்கு இன்னிக்கு முட்டி சரியில்ல லா” என்று நாங்கள் எல்லோரும் மருத்துவர்களாகிவிடுவோம்.

உங்கள் மரணத்துக்கு நாளிதழ் சிறிய இடமே கொடுத்தது. நியாயம்தான். நீங்கள் தேசிய அணிக்கு ஆடியதில்லை. ரப்பர் தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பழகி, பிறகு மாநிலம் மாநிலமாகச் சட்டை மாற்றி, இடது ஓரத்திலேயே ஓடி முடித்தீர்கள். சில குழுக்கள் உங்களை விடுவித்தன. சில குழுக்கள் தாங்களே கலைந்துபோயின.

ஈப்போவில் சிலிபின் பகுதிக்காரர்களான எங்களுக்கு ஒரு வழக்கம். நீங்கள் ஓடும் ஓரத்தில்தான் உட்காருவோம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது, கச்சாங் கடலைப் பொட்டலங்களோடு நாங்களும் எதிர்ப்பக்கம் நடப்போம். ஆட்டத்தின்போது நீங்கள் ‘டேய்’. வெளியே வந்தால் ‘அண்ணே’. இந்த ஏற்பாட்டை நீங்கள் ஒருபோதும் ஆட்சேபித்ததில்லை.

எங்கள் அணி உங்களை விடுவித்த மறு ஆண்டு, வேறொரு மாநிலத்தின் சட்டையில் ஈப்போவுக்கு வந்தீர்கள். முந்தைய மாலை, சிலிபின் சாப்பாட்டுக் கடையில் எங்களோடு உட்கார்ந்தீர்கள்.

“நாளைக்கு ஒழுங்கா ஆடலன்னா அடுத்த சீசன் இல்லன்னு கோச் சொல்லிட்டாரு. மவ இப்பதான் செகண்டரி போறா.”

பேருந்து ஓட்டும் மணியம்தான் எங்கள் கூட்டத்தின் தலைமை வசைபாடி. “நாளைக்கு நீங்க எதிரி லா அண்ணே. நல்லா திட்டுவோம், கோவிச்சுக்காதீங்க.”

“திட்டாம இருந்தீங்கன்னாதான் எனக்குப் பயம்” என்றீர்கள்.

முதல் பாதியில் பந்து வந்தபோதெல்லாம் உள்ளே திரும்பிப் பறிகொடுத்தீர்கள். உங்கள் பயிற்றுநர் மாற்று ஆட்டக்காரரை உடலைச் சூடாக்கச் சொன்னார். இடைவேளையில் நாங்கள் பழக்கதோஷத்தில் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் மணியம் கேட்டார்: “டேய், நாம எதுக்குடா இங்க வந்தோம்?” திரும்பி நடக்கச் சோம்பல்.

இரண்டாம் பாதி தொடங்கி உங்களுக்குப் பந்து வந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரன் உள்பக்கத்தை அடைத்து நின்றான். மணியம் வேலியைப் பிடித்துக் கத்தினார்.

“டேய், உள்ள போவாத! கோட்டோரமாவே போ! அவன் லோரி மாதிரிதான் திரும்புவான்!”

எங்கள் ஆளின் பலவீனம் எங்களுக்குத் தெரியாதா? நீங்கள் கோட்டோரமாகவே போனீர்கள். முட்டி தாங்கியது. நீங்கள் தூக்கிப் போட்ட பந்தை ஒருவர் தலையால் முட்டினார். கோல். நாங்கள் குதித்தோம்.

பின்வரிசைப் பெரியவர் கேட்டார்: “நீங்கள்லாம் எந்த ஊருடா?”

“சிலிபின்” என்றார் மணியம், அதிலேயே விளக்கம் அடங்கியிருப்பதுபோல.

எங்கள் அணி தோற்றது. உங்களுக்கு இன்னொரு சீசன் கிடைத்தது. பேருந்தில் ஏறுமுன் எங்களிடம் வந்தீர்கள். “ஒங்க சத்தம் கேட்டுச்சு.”

“நாங்க எங்க ஆளத் திட்டுனோம் லா” என்றார் மணியம்.

இப்போதும் ஆட்டம் பார்க்கப் போகிறேன். எதிரணியில் வயதான ஆட்டக்காரன் எவனாவது, முட்டியில் கட்டோடு, தன் பயிற்றுநரை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஓடினால், எங்கள் அணி ஜெயிக்க வேண்டுமென்று முழுமனதோடு வேண்டிக்கொள்ள முடிவதில்லை. ஈப்போவில் இதை வெளியே சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.