ஸ்டீபன் சாருக்கு ஒரு உதாரண வாக்கியம்

செவ்வாய்க்கிழமை.

இன்றைக்கு ஷூ கம்பெனி சாஃப்ட்வேர் ரூமில் எல்லார் எதிரிலும் ஸ்டீபன் சார் கேட்டார்: "இன்னா ரூத், ஒரு ஸ்டார்கூட ஒழுங்கா போடத் தெரியாதா?"

நான் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன். ரெஜெக்ஸ் என்றால் ஸ்டார் (*) மாதிரிக் குறிகளை வைத்துப் பேட்டர்ன் எழுதி, கம்ப்யூட்டரில் வேண்டிய சொல்லைத் தேடுவது. புதிதாகச் சேர்கிறவர்களுக்காக நான் எழுதிய ரெஜெக்ஸ் கையேட்டைப் புது வெப்சைட்டில் ஒட்டியது அவர். கோடிங் என்று குறிக்காமல் ஒட்டினால், அது இரண்டு ஸ்டாருக்கு நடுவில் இருப்பதைச் சாய்வெழுத்தாக்கிவிட்டு ஸ்டாரை முழுங்கிவிடும். அதைப் பார்த்துத் தேடியவர்களுக்கு ஒரு ஷூவின் ஆர்ட்டிகிள் நம்பரும் சிக்கவில்லை. பழி எனக்கு.

சாயந்திரம் மாதனூர் போகும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்டாரையும் திரும்ப வைத்தேன். ஒவ்வொரு பேட்டர்னுக்கும் கீழே, தேடிப் பழக ஒரு உதாரண வாக்கியம் வேண்டும். முதல் பாடத்துக்கு இதை எழுதினேன்: "ஒட்டும்போது ஸ்டாரைத் தொலைத்தவர் ஸ்டீபன்." பேட்டர்ன் அவர் பெயரை மட்டும் பிடித்து மஞ்சளில் காட்டும்.

சரிபார்க்க அவருக்கே அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது: "சூப்பர்மா. பப்ளிஷ் பண்ணிட்டேன்."

படித்தால்தானே தெரியும். இனிமேல் வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருத்தரும் முதல் நாளே அவரைக் கண்டுபிடிப்பார்கள்.