கேட்டருகே நீங்கள் உயர்த்திய கை

அன்பு வசந்தி அக்கா,

அக்கா என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. பெருங்களத்தூரில் நான்கு வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். உங்கள் பெயரே, நீங்கள் போன பிறகு, தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று காலை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினீர்கள். நானும் கையசைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். சாயங்காலம் திரும்பினால் உங்கள் வாசலில் ஷாமியானா. மாரடைப்பு என்றார்கள். பகலில் நம் தெருவில் யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் ரயிலில், மீதிப் பேர் கம்பெனி பஸ்ஸில்.

நீங்கள் கை காட்டியது சும்மா பார்த்ததற்கா? இல்லை, என்னைக் கூப்பிட்டீர்களா? இப்போதெல்லாம் ரயிலில் இடம் கிடைத்தாலும் என்னால் உட்கார முடியவில்லை, அக்கா.

அடுத்த ஞாயிறு ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போனேன். பகலில் யார் இருப்பார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக்கொள்ளத்தான். ஒருவர் கதவைப் பாதி திறந்து, "அசோசியேஷனா? வாட்ஸ்அப்ல போடுங்க மேடம்" என்று மூடிக்கொண்டார். இஸ்திரி வண்டி செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, நாலு வருசமா இங்கதான கீறீங்க, இப்பத்தான் பேர் கேட்டுகினு வர்றீங்களா? வாங்க, எந்த வூட்ல யாரு கீறாங்கன்னு நான் சொல்றேன்."

அவள் கூட வந்ததும் கதவுகள் முழுசாகத் திறந்தன.

கடைசியாக உங்கள் வீடு. உங்கள் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அன்னிக்குக் காலையில அவளை யாராவது பாத்தீங்களாம்மா? நான் ஆறு மணிக்கே ஷிப்டுக்குப் போயிட்டேன்."

"இல்லண்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் தலையாட்டிவிட்டு, நோட்டில் உங்கள் வீட்டுக்கு நேரே, அவசரத்துக்குக் கூப்பிட என் நம்பரைக் கேட்டுத் தன் கையாலேயே எழுதினார். பக்கத்தில், 'எதிர் வீட்டுத் தங்கச்சி'.

போன வாரம் நான் கிண்டியில் இறங்கும்போது செல்வி போன் செய்தாள். "மேடம், மூணாவது வூட்டு சாருக்கு வாய் கோணிகினு போச்சு, பேச்சு வர்ல. நர்ஸம்மாவும் நானும் ஆட்டோல இட்டுகினு போறோம். அவரு பொண்ணுக்குச் சொல்லிடுங்க." நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்கும் ஒரு நர்ஸ் நம் தெருவில் இருப்பதே அந்த நோட்டு போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

பிழைத்துவிட்டார், அக்கா. நேற்று பால்கனியில் நின்று, நாக்குக் குழற, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. இது உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? நான் அன்று ஒரே ஒரு ரயிலைத் தவறவிட்டிருந்தால்?

இந்த ஞாயிறு அண்ணனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பார்த்தேன், நிற்காமல் போனேன் என்று. அதற்குப் பிறகு அவர் நோட்டிலிருந்து என் நம்பரை அடித்துவிட்டாலும் சரி. அவர் வீட்டில் விளக்கு எரிகிறதா, கதவு திறந்ததா என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்புவேன்.

உங்கள் எதிர் வீட்டுத் தங்கை,
மாலதி